எண்ணெய் குடித்த படகு

வைகாசி மாதம் ஒரு காலையில், படகின் அடியில் நாங்கள் போட்டிருந்த ஒட்டு, வாழைப்பட்டை உரிவதுபோல் ஒரு முழ நீளத்துக்கு உரிந்து என் கையோடு வந்தது. போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கல்லில் இடித்து உடைந்திருந்தால் சரி என்று விட்டிருப்பேன். இது உடையவில்லை, ஒட்டவே இல்லை. உரிந்த துண்டைத் திருப்பி முகர்ந்து பார்த்தேன். 2023 டிசம்பரில் எங்கள் தெருக்களில் நின்ற அதே எண்ணெய் வாடை.

பக்கத்தில் நின்ற மாமா சொன்னார்: "எண்ணெ குடிச்ச போட்டுடா இது. மேல எத்த ஒட்னாலும் எப்டி நிக்கும்?"

இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடைதான். பைபர் படகை, அதாவது கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து அடுக்கிச் செய்த படகை, ஒட்டுவது எப்படி என்று காசிமேட்டில் கேட்டால் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணெய் ஊறிய படகை ஒட்டுவது எப்படி என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்படி ஒரு படகு கரையில் கவிழ்த்துப் போட்டு வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், நாங்கள் வீணாக்கிய ரெசினும் (அந்தப் பிசின்தான்) நாட்களும் அவருக்கு மிச்சமாகும்.

நான் கத்திவாக்கத்துக்காரன். ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. மாமா காட்டுக்குப்பத்தில் இருக்கிறார். நாற்பது வருடமாக ஆற்று வேலை: இறால், நண்டு, மடவை, கிழங்கான். நாங்கள் ஆறு என்று சொல்வது, கொசஸ்தலையாறு பக்கிங்காம் கால்வாயைச் சந்தித்து முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகம். மழைக்காலம் முடிந்தால் பூண்டிப் பக்கமிருந்து வரும் தண்ணீர் நின்றுபோகும். அதன்பிறகு கடல்தான் தினமும் இரண்டு தடவை உள்ளே ஏறி, இரண்டு தடவை வற்றி வெளியே போகும். இறால் குஞ்சும் அலையாத்தி மரமும் எங்கள் குப்பங்களும் அந்தப் போக்குவரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கால்வாய் வழியாக இறங்கி ஆற்றுக்குள் வந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வலைகள் தார் பூசினாற்போல் விறைத்துக் கிடந்தன. கூழைக்கடாக்கள் பழுப்பேறி உட்கார்ந்திருந்தன. எங்கள் ஆட்கள் படகில் போய் மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். முதல் நாட்களில் பலர் கையில் கையுறைகூட இல்லை. மாமாவும் தன் 18 அடிப் படகில்தான் போனார். அந்த வேலை முடிந்ததும் படகைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி வேறு படகு எடுத்துக்கொண்டார். பழையது பூவரசு மரத்தடியில் மல்லாந்து கிடந்தது. மழைத் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ஒரு வருடத்துக்கு மேல் அதற்குள்ளேயே நின்றது. கெடுதல் அங்கேதான். மேலே பட்ட எண்ணெயைத் துடைத்துவிடலாம். விரிசல் வழியாகக் கண்ணாடி நாருக்குள் இறங்கி ஊறியதைத் துடைக்க முடியாது.

படகைச் சரிசெய்ய வேண்டும் என்ற நினைப்பு அக்கா மகளால் வந்தது. அவளுக்கு 12 வயது. ஆற்றங்கரையில் பிறந்தவள், ஆற்றில் ஒரு தடவைகூடப் போனதில்லை. எண்ணெய் வந்த பிறகு எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரில் இறங்காதே, அரிக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அவள் வயதில் நாங்கள் பள்ளி விட்டதும் ஆற்றில்தான் கிடப்போம். எந்த இடத்தில் ஆழம், எங்கே சேறு, எந்த மாதம் எந்த மீன் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்தது. இவளுடைய வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் பாலத்தின்மேல் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளும் இடம். இவர்கள் பெரியவர்களானதும் இந்த ஆற்றுக்கு ஒன்று நடந்தால் எவர் போய்க் கேட்பார்கள்?

சரி, இரண்டு வேலைக்கு ஒரு படகு என்று நாங்கள் ஏழு பேர் பேசி முடிவுசெய்தோம். அலையாத்தி வேர்களில் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் அறுந்த வலைகளையும் எடுக்க வேண்டும். ஞாயிறு காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் காட்ட வேண்டும். மாமா ஒரே நிபந்தனை போட்டார். "கொயந்தைங்கள ஏத்தப் போறன்னா முழுசா பண்ணு. அரைகுறையா பண்ணிட்டு ஏத்தாத." ஊர்ப் பெரியவர்களிடமும் போய்ச் சொன்னோம். வலை போட்டிருக்கும் பக்கம் போகக் கூடாது, முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

2025 சித்திரையில் வேலை தொடங்கியது. முதலில் எங்கே கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயம் போதும். அடிப்பக்கம் முழுக்க நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் டக் டக் என்று கெட்டியாகப் பேசும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் டொப் என்று அமுங்கிய சத்தம் வரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஐந்து வட்டம் விழுந்தது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குக் கீழே இருந்ததுதான் பெரியது. கரையில் இழுத்து இழுத்து விரிந்த இடம், ஒன்றரை முழம் இருக்கும்.

காசிமேட்டில் படகு கட்டும் ஒரு கொட்டகையில் இருந்த அண்ணனிடம் போய்க் கேட்டேன். கிரைண்டரால் கெட்ட இடத்தைத் தேய்த்து எடு, ஓரத்தை ஒரேயடியாகப் பள்ளமாக வெட்டாமல் சரிவாக இறக்கு, அசிட்டோனால் துடை, மேட் (கண்ணாடி நார்ப் பாய்) வைத்து ரெசின் பூசு என்றார். சாதாரணப் படகுக்கு அது சரியான முறை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், ரெசின், அதை இறுகவைக்கும் கோபால்ட், ஹார்ட்னர், ரோலர், பிரஷ் எல்லாம் வாங்கி வந்தோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபால்டையும் ஹார்ட்னரையும் நேராக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. பற்றி எரியும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். பூசப்போகும் நேரத்தில் மட்டும் ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் வைப்பதுகூட வேண்டாம். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அதன் மூடியைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்குள் சட்டம் வைத்துக்கொண்டோம். தேய்க்கும்போது வரும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகாமல் நல்ல முகமூடி, முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு இன்னும் கூடும்.

முதல் தடவை, சொன்னபடியே தேய்த்தோம், துடைத்தோம், ஒட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. ஒட்டு நிற்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் இறக்காமல் மணலில் பத்தடி இழுத்துத் திருப்பினோம். உரிந்து வந்தது.

தப்பு எங்கே என்று பிடிக்க ஒரு வாரம் ஆனது. பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் பெரியவர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் பிடிபட்டது: "மொதல்ல தேச்சியா, மொதல்ல தொடச்சியா?"

நாங்கள் முதலில் தேய்த்திருந்தோம். எண்ணெய் இருக்கும் பரப்பில் கிரைண்டர் ஓடினால் எண்ணெய் சூடாகி, தேய்த்துப் புதிதாகத் திறந்த நார்களுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். அதற்கு மேல் அசிட்டோன் துணியால் துடைத்தால், மேலே இருக்கும் கொஞ்ச எண்ணெயும் கரைந்து பரப்பு முழுக்கப் பரவும். அசிட்டோன் பறந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது உண்மையில் மெல்லிசாக எண்ணெய் பூசிய பரப்பு.

இரண்டாவது தடவை வரிசையை மாற்றினோம். இதை நிதானமாகவே சொல்கிறேன், காரியம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

படகைக் கவிழ்த்து, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் உள்ளும் புறமும் நார் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். அந்த அழுக்குத் தண்ணீரை மண்ணில் விடவில்லை. அடியில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தை மணல் மூட்டையால் உயர்த்தி, தண்ணீரைப் பிடித்து டிரம்மில் சேர்த்தோம். ஆற்றிலிருந்து எடுத்த எண்ணெயை ஆற்றுக்கே திருப்பி அனுப்புவதென்றால் இந்த வேலையைச் செய்வதில் அர்த்தமே இல்லை. அந்த டிரம்மை, எங்கள் பட்டறையில் கழிவு எண்ணெய் எடுத்துப் போகிறவர்களிடமே ஒப்படைத்தோம். இப்படி ஐந்து தடவை கழுவினோம்.

அப்புறம் வெயில். கத்திரி முடிந்த பிறகும் எண்ணூர் வெயில் சும்மா இருக்குமா. கெட்ட இடங்களை வெயில் பார்க்கத் திருப்பி மூன்று வாரம் போட்டோம். மத்தியானம் நாருக்குள்ளிருந்து எண்ணெய் வியர்வை மாதிரி துளித்து மேலே வரும். சாயங்காலம் அதை ஒற்றி எடுப்போம். முதல் வாரம் துணி பழுப்பாகும். மூன்றாவது வாரம் வெறும் ஈரம்தான். ஈரமும் ஆகாது என்பதால் இன்னொரு சோதனை: பிளாஸ்டிக் தாளை ஒட்டு போடும் இடத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விட்டோம். தாளின் உள்பக்கம் பனித்தால் நாருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். பனிக்காத நாள் வரும்வரை காத்திருந்தோம்.

இதற்குப் பிறகுதான் அசிட்டோன். ஒரு கையில் அசிட்டோன் நனைத்த துணி, இன்னொரு கையில் காய்ந்த வெள்ளைத் துணி. நனைந்த துணி ஓடிய தடத்திலேயே, அது உலருவதற்கு முன், காய்ந்த துணி ஓட வேண்டும். கரைந்த எண்ணெயைத் தூக்கி எடுப்பது அந்தக் காய்ந்த துணிதான். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். பழைய வேட்டி இரண்டு இதற்கே போனது.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரையே கேட்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரைப் பரப்பில் மெதுவாக ஊற்ற வேண்டும். தண்ணீர் ஒரே ஏடாகப் பரவி நின்றால் எண்ணெய் இல்லை. தாமரை இலையில் போல் முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கினால் இருக்கிறது. எங்களுக்கு நான்கு வட்டத்தில் தண்ணீர் பரவி நின்றது. அணியத்துக்குக் கீழே மட்டும் ஒதுங்கிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தை மறுபடி துடைத்துப் பார்க்காமல், நாரையே வெட்டி எடுத்துவிட்டோம். எடுத்த துண்டு கறுத்திருந்தது. இப்போது அங்கே ஒரு சாண் அகல ஓட்டை. மாமா குனிந்து அதன் வழியாகத் தரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

சுத்தமான பிறகு கிரைண்டர். ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சரிவு இறக்கினோம். உள்பக்கம் மைகா தகடு ஒன்றை மெழுகு தடவி முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து அடுக்கினோம். மேட்டை ஒன்றைவிட ஒன்று பெரிதாக ஆறு துண்டு வெட்டிக்கொண்டோம். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். அதற்கு மேல் ஊற்றினால் கெட்டியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் பலம் நாரில்தான் இருக்கிறது. ரெசின் மட்டும் என்றால் கண்ணாடி போல் நொறுங்கும். ரோலரால் அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். மேட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடியாகத் தெரிந்தால் நனைந்துவிட்டது.

ஹார்ட்னர் அளவில் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை ஊற்றலாம். முதல் தடவை மத்தியானத்தில் 20 ஊற்றியதில், பாதி பூசுவதற்குள் மக்கில் இருந்தது சுண்டிப் புகைய ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தடவை காலை 6 மணிக்கு, அரை அரைக் கிலோவாக, கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் கலந்தோம். ஒரே நாளில் ஆறு அடுக்கையும் போடவில்லை. மூன்று போட்டு, சூடு தணிந்ததும் மறுநாள் உப்புத்தாள் தேய்த்து மீதி மூன்று.

மறுநாள் நாணயத்தால் தட்டினேன். டக்.

பெயிண்ட் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க அடிப்பக்கத்துக்குத் தாமிரம் கலந்த பெயிண்ட் கிடைக்கிறது. அந்தத் தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துதான் வேலை செய்யும். இறால் குஞ்சு வளரும் இடத்தில் அது வேண்டாம் என்று நான் சொன்னேன். எங்கள் படகு வேலை முடிந்ததும் கரை ஏறிவிடும், எது பிடிக்கப் போகிறது? சாதாரண ஜெல் கோட் மட்டும் பூசினோம். நீலம், மேலே மஞ்சள் பட்டை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகள்.

அடுத்தது மிதவை. பைபர் தண்ணீரைவிடக் கனம்; படகு நிரம்பினால் மூழ்கும். அதனால் பலகைகளுக்கு அடியில் தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். எங்கள் படகில் அந்தத் தெர்மாகோலை எண்ணெய் பாதி கரைத்து, மீதி தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. புதுத் தெர்மாகோல் வைத்து ரெசின் பூசலாமா என்றால், ரெசினும் தெர்மாகோலைக் கரைக்கும். கடைசியில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்களை எடுத்துக்கொண்டோம். கரையில் ஒரு மணி நேரம் நடந்தாலே சாக்கு நிறையக் கிடைக்கும். 64 பாட்டிலைக் கழுவி, விடிகாலைக் குளிரில் மூடியை இறுக்கினோம். குளிரில் மூடினால்தான் வெயில் ஏறும்போது உள்ளே காற்று விரிந்து பாட்டில் விறைப்பாக நிற்கும். பழைய வலைத் துண்டில் கட்டிப் பலகைகளுக்கு அடியில் அடைத்தோம். ஒரு பாட்டில் ஏறக்குறைய இரண்டு கிலோவைத் தூக்கும். 64-க்கு 125 கிலோ வரை வரும். தண்ணீருக்குள் முங்கிய பைபரின் எடை மேலே இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், படகும் அதைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகளும் மிதக்க இது போதும். இடுப்பளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே நிரப்பி, நான்கு பேர் பிடித்துத் தொங்கிப் பார்த்தோம். விளிம்பு தண்ணீருக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் மாமாவின் முகம் தெளிந்தது.

மொத்தம் ஆறு கிலோ ரெசின், இரண்டரைக் கிலோ மேட், மற்றதெல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. முதல் தடவை வீணானதும் இதில் அடக்கம். உயிர்காப்புச் சட்டை இதில் சேரவில்லை. அதற்குத் தனியாக வசூல் செய்து, சின்ன அளவில் ஆறு வாங்கினோம். அதனால் ஒரு நடைக்கு ஆறு பிள்ளைகள்தான், ஏழாவது பிள்ளை எவ்வளவு அழுதாலும்.

படகு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் இன்னொரு சின்ன வேலை நடந்தது. ஏத்தமும் வத்தமும் எப்போது என்று தெரியாமல் இந்த ஆற்றில் எதுவும் செய்ய முடியாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். மாமாவுக்கு இது நிலாவைப் பார்த்தாலே தெரியும், எனக்குத் தெரியாது. சென்னைத் துறைமுகத்துக்கான அட்டவணையைப் பார்த்தால் எங்கள் கரைக்குப் பொருந்தவில்லை. முகத்துவாரம் மணல் மூடிக் குறுகியிருந்தால் கடல் தண்ணீர் உள்ளே வர நேரம் பிடிக்கும். எனவே இரண்டரை அங்குல பிவிசி குழாயில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கறுப்பு பெயிண்டில் போட்டு, படகு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஊன்றினோம். அக்கா மகளும் அவள் சிநேகிதிகள் இருவரும் காலை, மாலை பார்த்து நோட்டில் எழுதினார்கள். ஒரு மாத நோட்டில், அட்டவணை சொல்லும் உச்ச ஏத்தத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் எங்கள் குழாயில் உச்சம் என்று தெரிந்தது. மாமாவிடம் காட்டினாள். "இதத்தான நான் தெனம் சொல்றேன்" என்றார். ஆனாலும் அந்த நோட்டை வாங்கி ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழாயே இன்னொன்றையும் காட்டியது. ஊன்றி ஒன்றரை மாதத்தில் கீழ்ப்பாதியில் கறுப்பாகச் சின்னச் சின்ன ஆழி (ஒரு வகைச் சிப்பி) கொத்துக் கொத்தாக ஒட்டிவிட்டது. காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. எண்ணூரில் பரவி, இப்போது பழவேற்காட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூல் மாதிரி ஒன்றை விட்டு எதிலும் ஒட்டிக்கொள்ளும், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஆற்றின் தரையையே விரிப்பு போட்டாற்போல் மூடிவிடும். அதற்குக் கீழே இறால் புதைய முடியாது, நண்டு வளை தோண்ட முடியாது, பழைய மட்டி மூச்சடைத்துச் செத்துப்போகும். கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் விரல்களை அதன் ஓடு கீறிவிடுகிறது. படகின் அடியை ஒவ்வொரு நடைக்கும் பின் சுரண்டிக் கழுவ வேண்டும் என்ற விதி அன்றைக்கே வந்தது. சுரண்டியதைத் தண்ணீரில் தட்டாமல் கரையில் வெயிலில் காயப்போடுகிறோம். வேறு இடத்துக்கு நாமே அதை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

ஆடிக் கடைசி வாரம், அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த மறு ஞாயிறு, படகை இறக்கினோம். மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறைப்படி. என்ஜின் இல்லை. இரண்டு துடுப்பு, ஒரு மூங்கில் கழி. ஏத்தம் ஆரம்பிக்கும்போது கிளம்பினால் தண்ணீரே மேற்கே ரயில் பாலத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வத்தம் திரும்பியதும் அதுவே கொண்டுவந்து விடும். நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரம்தான் வேர்களுக்கு நடுவில் வேலை செய்ய ஏற்றது. ரொம்ப வற்றினால் மாட்டிக்கொள்வோம். அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்த இடங்களில் ஆறு மேடாகிக் கிடக்கிறது. அங்கே தரை வெளிறித் தெரியும், கழியை ஊன்றினால் பிடிமானமில்லாமல் இறங்கும். மாமா சின்ன வயதில் அங்கே ஆள் ஆழம் இருந்தது என்கிறார்.

குப்பை எடுப்பதில் கற்றது கொஞ்சம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். அலையாத்தியைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நிற்பவை மூச்சு வேர்கள். வாரி போட்டு இழுத்தால் அவை முறியும். கையால்தான் எடுக்க வேண்டும். வேரில் கறுப்பாக ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயைச் சுரண்டக் கூடாது. சிக்கிய வலையைப் பிடித்து இழுக்காமல் கத்தரித்து எடுக்க வேண்டும். சேறு தோண்டினால் எண்ணெய்ப் படலம் மேலே வரும் இடங்களில் இறங்கவே இறங்காமல், இடத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்கிறோம். முதல் நடையில் எடுத்த 11 மூட்டையை ஏற்றிப்போக வண்டி வராமல் நான்கு நாள் கரையில் கிடந்து, நாய்கள் கிழித்து, பாதி ஆற்றுக்கே திரும்பியது. அதிலிருந்து எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களிடம் முன்கூட்டியே நாள் சொல்லி, அவர்கள் வரும் நேரத்துக்குத்தான் மூட்டையைக் கரை சேர்க்கிறோம்.

கன்று நட வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வரலாம். ஆனால் கடல் தண்ணீர் போய்வர வழியில்லாத மேட்டில் எத்தனை கன்று நட்டாலும் உப்பேறிப் பட்டுப்போகும். பிச்சாவரத்தில் பட்டுப்போன அலையாத்திக் காட்டை மீட்டபோது முதலில் வாய்க்கால்தான் வெட்டினார்கள். மீன் முள் மாதிரி நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் கிளைகள், ஏத்தத் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போய்த் திரும்பும்படி. எங்கள் படகு போகும் வழியில் அடைத்துக் கிடந்த இரண்டு சின்ன வாய்க்கால்களில் குப்பையை எடுத்துவிட்டதும், மறு வாரமே உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததில் கன்று நட்டதைவிடச் சந்தோஷம்.

பிள்ளைகள் நடை ஆவணியில் ஆரம்பித்தது. முதல் ஆறு பேரில் அக்கா மகளும் உண்டு. ஏறி உட்கார்ந்ததும் ஆறு பேரும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேச்சே இல்லாமல் இருந்தார்கள். நூறடி போனதும் ஒருவன் மெதுவாகக் கையைத் தண்ணீரில் விட்டான். அரிக்குதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். "இல்ல, சில்லுனு இருக்கு." வீட்டில் சொல்லியிருந்தபடி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரும் சோப்பும் தயாராக வைத்திருந்தோம். ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலையாத்தி ஓரம் போனதும் துடுப்பை நிறுத்திவிட்டோம். வற்றத் தொடங்கிய சேற்றில் ஒரு கால் மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து, அந்தப் பெரிய காலைத் தூக்கித் தூக்கி ஆட்டின. படகு அசைந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வளைக்குள். அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். இதைப் பிள்ளைகள் அரை மணி நேரம் விளையாடினார்கள். அந்தப் பக்கம் ஒரு நாரை, மரத்தில் ஒரு மீன்கொத்தி. தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். கால்வாய் வாயைக் காட்டி, இதை 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள், அப்புறம் ஆந்திரா வரை நீண்டது, இந்த வழியாக உப்பும் விறகும் படகில் பட்டணத்துக்குப் போயின என்று சொன்னேன். "இதுலயா?" என்றாள் ஒரு பெண். நம்பவில்லை. மாமா குறுக்கிட்டு, தன் தாத்தா அந்தப் படகுகளுக்கு மீன் விற்றதைச் சொன்னதும் நம்பினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் நடையை நிறுத்திவிட்டோம். மேலே நீர்த்தேக்கங்களைத் திறந்தால் ஆறு எங்கள் குழாய்க் கோட்டைப் பார்த்து ஏறாது. படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, பாட்டில்களை வெளியே எடுத்து எண்ணினோம். மூன்றில் தண்ணீர் ஏறியிருந்தது, மாற்ற வேண்டும். அணியத்துக்குக் கீழே போட்ட ஒட்டில் ஒரு கீறலும் இல்லை.

நான் தட்டிப் பார்க்க நாணயத்தை எடுத்தேன். அக்கா மகள் அதை வாங்கிக்கொண்டாள். காதை அடிப்பக்கத்துக்கு அருகே வைத்து, நான்கு விரல் இடைவெளியில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு மணி நேரம் தட்டினாள். நாங்கள் நல்லது என்று விட்டிருந்த பின்பக்கத்தில், இரண்டு இடத்தில் சாக்பீஸ் வட்டம் போட்டிருக்கிறாள். நானும் தட்டிப் பார்த்தேன், டொப் என்றுதான் கேட்கிறது. மழை விட்டுத் தை வெயில் வந்ததும் அந்த இரண்டையும் திறக்க வேண்டும். இந்த முறை முதலில் கழுவல்.